அண்ணா மலையான்

மணிவாசகப் பெருமான் இத்தலத்தில் அருளிய திருவெம்பாவையின் 18ஆம் பாடல் 'அண்ணாமலையான்' என்று தொடங்கும். இறைவன் திருநாமத்தை 'அண்ணா மலையான்' எனப் பிரித்து அச்சிடுவது பிழையன்றோ என அன்பர் சிலர் வினவுவர். பிழையன்று.

குறிலோ நெடிலோ தனித்தும் ஒற்றடுத்தும் வருவது நேரசை. குறிலிணையும் குறில்நெடிலும் அவ்வாறு வருவது நிரையசை. அண்/ணா/மலை/யான் என்பது நேர், நேர், நிரை, நேர். நான்கசையும் ஒரே சீராக நின்றால் வெண்டளை கெடும். 'அண்ணா' தேமா, 'மலையான்' புளிமா எனப் பிரிக்க, மாமுன் நிரை வந்து தளை பொருந்தும்.

பொருள் நோக்காது ஓசைக்காகவே சொல்லைப் பிளப்பது வகையுளி. இங்கு அதுவுமில்லை. அண்ணுதல் நெருங்குதல், அண்ணாமலை, அயனும் மாலும் நெருங்கவொண்ணா மலை. அசை பிரியுமிடத்திலேயே பொருளும் பிரிகின்றது. ஆயினும் ஓதுங்கால் 'அண்ணா' என்று மூச்சு வாங்கி நிறுத்தற்க, தமையனாரை அழைப்பதாகிவிடும்!