தேனீ வண்டி தாமதமானால் யாருக்கு நஷ்டம்?

ஏப்ரல் பிறந்தால் அமெரிக்காவின் வட மாநிலங்களில் புதிதாகத் தேனீ வளர்க்க இறங்கியவர்கள் காலிப் பெட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டு லாரிக்காகக் காத்திருப்பார்கள். வடக்குக் கலிபோர்னியாவிலிருந்தோ ஜார்ஜியாவிலிருந்தோ வரும் அந்த லாரியில் இருப்பது ‘பேக்கேஜ்’ தேனீக்கள். நம் மார்த்தாண்டத்தில் தேனீ வாங்குகிறவருக்கு அடை, புழு, ராணி என்று முழுக் குடும்பமும் கிடைக்கும். பேக்கேஜில் அடையே இருக்காது. செருப்புப் பெட்டியைவிடச் சற்றுப் பெரிய வலைப்பெட்டி, அதற்குள் 3 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1.4 கிலோ தேனீக்கள், தலைகீழாகச் செருகிய சர்க்கரைப்பாகு டப்பா ஒன்று, தீப்பெட்டி அளவுள்ள தனிக்கூண்டில் வேறொரு குடும்பத்தில் பிறந்த ராணி. அவ்வளவுதான். சுமார் 10,000 தேனீக்கள் கொண்ட இந்தப் பெட்டி சொன்ன தேதிக்கு வராமல் ஒரு வாரம், இரண்டு வாரம் தள்ளிப்போவது அங்கே அடிக்கடி நடப்பதுதான். தாமதம் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதில் இரண்டு வகை உண்டு. தேனீக்களைப் பெட்டியில் அடைப்பதற்கு முன் ஏற்படும் தாமதம் பெரும்பாலும் வாங்குகிறவருக்கு நன்மை. அடைத்த பிறகு ஏற்படும் தாமதம்தான் தேனீக்களைக் கொல்கிறது.

முதல் வகையின் மூலகாரணம் ராணி. பிப்ரவரியில் பாதாம் தோட்டங்கள் பூத்து முடிந்ததும் கலிபோர்னியாவில் தேனீக் குடும்பங்கள் பெருத்துவிடும். அவற்றிலிருந்து வேலைக்காரத் தேனீக்களை உதறி எடுத்து எடைபோட்டு நிரப்புவது ஒரு நாள் வேலை. ராணியை அப்படித் தயாரிக்க முடியாது. முட்டையிலிருந்து ராணி வெளிவர 16 நாள். பிறகு ஐந்தாறு நாள் முதிர்ந்து, மழையும் காற்றும் இல்லாத, வெயில் 20 டிகிரியைத் தொடும் பிற்பகல் ஒன்றில் பறந்துபோய், 10 முதல் 20 ஆண் தேனீக்களுடன் கூடித் திரும்ப வேண்டும். அது முட்டையிடத் தொடங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே நேர்மையான வளர்ப்பாளர் அதைக் கூண்டில் போடுவார். ஆக மொத்தம் ஏறத்தாழ நான்கு வாரம். மார்ச் கடைசியில் ஒரு வாரம் அடைமழை பிடித்தால், அந்த வாரத்து ராணிகள் கூடுவதற்குப் பறந்து போகாமல் சிறு பெட்டிகளிலேயே அடைந்து கிடக்கும். அதற்குள் அடுத்த தொகுதி ராணி அறைகள் முற்றிவிடும். வைக்க இடம் இருக்காது. காத்திருக்கச் சொல்லவும் முடியாது. முதலில் வெளிவரும் ராணி பக்கத்து அறைகளைக் கடித்துத் துளைத்து, உள்ளே இருக்கும் போட்டி ராணிகளைக் கொட்டிக் கொன்றுவிடும். அந்தத் தொகுதி வீண். ஒரு வார மழை ஒரு வார ஆர்டரோடு நிற்காமல் வரிசையில் நிற்கும் எல்லாரையும் பின்னுக்குத் தள்ளுவது இதனால்தான்.

வாடிக்கையாளரின் நச்சரிப்புக்குப் பயந்து விற்பனையாளர் தேதியைக் காப்பாற்றினால் என்ன ஆகும்? அரைகுறையாகக் கூடிய ராணி வந்து சேரும். நன்றாகக் கூடிய ராணி தன் உடலில் சேமிக்கும் சுமார் 50 லட்சம் விந்தணுக்கள்தான் அதன் வாழ்நாள் முதல். அது குறைவாக இருந்தால் சில வாரங்களிலேயே அடையில் திட்டுத்திட்டாகக் காலி அறைகள் தெரியும். குடும்பமே அந்த ராணியைக் கழித்துவிட்டு வேறொன்றை வளர்க்கப் பார்க்கும். மூன்று நான்கு வாரத்துக்குள் கூடவே வாய்க்காத ராணி ஆண் முட்டைகளை மட்டுமே இடும்; அந்தக் குடும்பம் தேறாது. தேனீக்களை மட்டும் அனுப்பு, ராணி பிறகு வரட்டும் என்று கேட்பவர்களும் உண்டு. வசந்த காலத் தேனீயின் ஆயுள் ஐந்தாறு வாரம். ராணியும் அடையும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கிலிருந்து போவது.

இரண்டாம் வகைக்கு 2022 ஏப்ரலில் நடந்ததே போதும். சாக்ரமென்டோவிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜுக்குப் போக வேண்டிய சுமார் 50 லட்சம் தேனீக்கள் விமானம் மாறி அட்லாண்டாவுக்குப் போயின. விமான நிலையத் தளத்து வெயிலில் கிடந்து பெரும்பாலானவை செத்தன. அந்த ஊர்த் தேனீ வளர்ப்பாளர்கள் ஓடிப்போய் மிச்சத்தை மீட்டதாகச் செய்தி வந்தது. அதே தேனீக்கள் கலிபோர்னியாவில் தம் பெட்டியிலேயே இரண்டு வாரம் கூடுதலாக இருந்திருந்தால் யாரும் செய்தி எழுதியிருக்க மாட்டார்கள்.

பூ காத்திருக்காதே என்பது இதற்கு எழும் நியாயமான எதிர்வாதம். இட்ட முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளிவர 21 நாள் ஆகும். அதுவரை பழைய தேனீக்கள் செத்துக்கொண்டே இருக்கும். மினசோட்டாவில் ஏப்ரல் நடுவில் வர வேண்டியது மாதக் கடைசியில் வந்தால், புதுத் தலைமுறை மே நடுவுக்குப் பதில் மே கடைசியில்தான் வெளியே வரும். டாண்டெலியன் பூத்து ஓய்ந்திருக்கும். இந்த இழப்பு உண்மை, ஆனால் முழுதாக இரண்டு வார இழப்பு அல்ல. ஏப்ரல் நடுவில் அங்கே பனிகூட விழும். குளிரில் கொத்தாக ஒடுங்கிக் கிடக்கும் தேனீக்கள் மெழுகு சுரந்து அடை கட்டாது. அடை இல்லாமல் ராணி முட்டையிட முடியாது. தேன் பெட்டியை நிரப்புவது ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் வரும் லிண்டன், குளோவர் பூக்கள். முன்பே கட்டி முடிந்த பழைய அடைகளைக் கொடுத்தால் ராணி வந்த சில நாளிலேயே முட்டையிடும். தவறிய நாட்களில் கணிசமான பகுதி திரும்பிவிடும். நோயில் அழிந்த குடும்பத்தின் அடை மட்டும் கூடாது.

எல்லாத் தாமதத்துக்கும் மழையைச் சாட்சிக்கு இழுப்பதையும் ஒப்புக்கொள்ள முடியாது. 2025 தொடக்கத்தில் எடுத்த கணக்கெடுப்பில் அமெரிக்காவின் வணிகத் தேனீ வளர்ப்பாளர்கள் சராசரியாக 60 சதவீதத்துக்கும் மேலான குடும்பங்களை இழந்தது தெரியவந்தது. பேக்கேஜுக்கு உதறி எடுப்பதும் இத்தகைய வளர்ப்பாளர்களின் குடும்பங்களிலிருந்துதான். அப்படிப்பட்ட ஆண்டில் கையிருப்புக்கு மேல் முன்பணம் வாங்கிவிட்டு வானத்தைக் காட்டுகிறவர்களும் இருக்க முடியும். ராணி எந்த ஊரில் வளர்கிறது, இது எத்தனையாவது வண்டி, எந்தத் தேதிக்குப் பிறகு பணம் திரும்பும் என்ற மூன்று கேள்விக்கு நேரான பதில் வராத இடத்தில்தான் சந்தேகப்பட வேண்டும். ஒற்றைத் தேதியைச் சொல்லாமல் இரண்டு வார இடைவெளியாகச் சொல்லும் விற்பனையாளர் என் கணக்கில் அதிக நம்பிக்கைக்குரியவர்.

வண்டி வந்த நாளிலேயே பனி கொட்டினால் பதற வேண்டியதில்லை. 10 முதல் 15 டிகிரி உள்ள இருட்டறையில், வலைமேல் பாகை லேசாகத் தெளித்து, ஓரிரு நாள் வைத்திருக்கலாம். பெட்டியின் அடியில் அரை விரல் கனத்துக்குச் செத்த தேனீ கிடப்பது வழக்கம்தான். அதற்கு மேல் இருந்தால் பிரிப்பதற்கு முன்பே படம் எடுத்து விற்பனையாளருக்கு அனுப்பிவிட வேண்டும். பெட்டியில் விட்ட பிறகு சர்க்கரையும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த பாகை, அடை கட்டி முடிக்கும்வரை நிறுத்தக் கூடாது. ஜூன் பிறந்தும் வண்டி வரவில்லை என்றால் வட மாநிலத்துக்காரர் அந்த ஆண்டுத் தேனை மறந்துவிட்டு, குடும்பத்தைக் குளிர்காலம் கடத்துவதை மட்டுமே குறியாக வைக்கலாம். அல்லது பணத்தைத் திரும்ப வாங்கி, பக்கத்து ஊரில் குளிரைத் தாண்டிய ஐந்து அடைச் சட்டங்கள் கொண்ட குடும்பம் ஒன்றுக்கு அடுத்த வசந்தத்துக்கே சொல்லி வைக்கலாம். அதில் இருக்கும் ராணி முந்தின கோடையிலேயே கூடி முடித்தது. கலிபோர்னியாவில் மார்ச்சில் எவ்வளவு மழை பெய்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.