பக்கத்து வீட்டார் எதைச் சாப்பிட மாட்டார்?

நேயர்களே, தீபாவளிக்கு முறுக்குச் சுற்றும்போது எத்தனை தட்டுக்குக் கணக்கு வைத்துச் சுற்றுகிறீர்கள்? வீட்டாருக்கும் சொந்தபந்தத்துக்கும் மட்டும் கணக்குப் போடும் தாய்மார் நம் பக்கத்தில் குறைவு. கம்பத்து மலாய்க்காரர் வீட்டுக்கு ஒரு தட்டு, கடைக்காரச் சீனருக்கு ஒரு தட்டு என்று எடுத்து வைத்த பிறகுதான் பிள்ளைகளின் கை டின்னுக்குள் போக அனுமதி!

2024 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம், மலேசியர் காலையில் பசியாறும் பழக்கத்தை உலகப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவற்றைச் சுற்றிப் பல இனத்தாரும் ஒன்றாக உட்காருகிறார்கள் என்பதே அதன் சாரம். மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் கடையில் ஒன்றாக உட்காருவது சுலபம். காசு கொடுத்தால் அவரவருக்கு வேண்டியது வந்துவிடும். ஒரு வீட்டு அடுப்பிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தட்டு போவதுதான் கஷ்டமான காரியம். வாங்குகிறவர் மனம் கோணாமல் கையை நீட்ட வேண்டும் அல்லவா?

கோலசிலாங்கூர் வட்டாரத்தின் அமைப்பைப் பாருங்கள். ஆற்று முகத்துவாரத்தில் பாசிர் பெனாம்பாங். அங்கே சீன மீனவர்கள். கடலோரமாக வடக்கே போனால் தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வயல்வெளிகள். அதற்கும் அப்பால் சபாக் பெர்ணம் பக்கம் ஜாவாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். உள்ளே திரும்பினால் ஈஜோக், புக்கிட் ரோத்தான், 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை. சுற்றிலும் நம் தோட்டங்கள். அவற்றுள் ஒன்றுக்குப் பெயரே தென்னமரம். தமிழ்ப் பெயர் கொண்ட அந்தத் தோட்டத்தில்தான் 1917இல் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை பயிரிட்டார். பெயர் தென்னை, பயிர் செம்பனை! இன்று நாம் முறுக்குப் பொரிப்பது பெரும்பாலும் அந்தச் செம்பனை எண்ணெயில்தான்.

மீனும் கருவாடும் கடலோரத்திலிருந்து வந்தன. அரிசியும் பருப்பும் சீனர் கடையிலிருந்து வந்தன, அதுவும் கடனுக்கு. அட்டையில் 555 என்று போட்ட அந்தச் சின்னக் கணக்குப் புத்தகத்தை மறந்தவர் உண்டா? சம்பளம் போடும் வரைக்கும் உப்புக்கும் புளிக்கும் அதுவே துணை. சாமான்களோடு சொற்களும் வீடு மாறின. நம் கடை மலாயில் ‘கெடாய்’ ஆயிற்று. மாம்பழம் ‘மெம்பெலாம்’ ஆயிற்று. ஆப்பம் ‘அப்பாம்’ ஆயிற்று. பதிலுக்கு பெலாச்சானும் கங்கோங்கும் கிச்சாப்பும் நம் அடுக்களைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. பெலாச்சான் இல்லாமல் சம்பல் இடிக்கத் தெரியாத தமிழ்ப் பெண்கள் இங்கே ஏராளம்!

இதெல்லாம் தானாக நடந்தது. தட்டு விஷயம் அப்படியல்ல; அதற்கு யோசனை வேண்டியிருந்தது. முஸ்லிம்கள் பன்றி தொடமாட்டார்கள், முறைப்படி அறுக்காத கோழியையும் உண்ணமாட்டார்கள். நம்மில் பலர் மாட்டிறைச்சி தொடுவதில்லை. குவான் யின் தெய்வத்தை வணங்கும் சீனர் பலரும் மாட்டிறைச்சியை விலக்குகிறவர்களே. இது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆகவே விவரம் தெரிந்த தாய்மார் மலாய்க்கார விருந்தாளிக்கென்று கோழியை மலாய்க்காரரிடமே வாங்கினார்கள்; புதுச் சட்டியில் சமைத்தார்கள். சந்தேகம் வந்தால் முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை என்று பலகாரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஹரி ராயாவுக்கு அந்தப் பக்கமிருந்து வரும் தட்டில் ரெண்டாங் கோழியாக இருக்கும். சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழமும் பிரிக்காத பிஸ்கட் டின்னும் வரும். பிரிக்காத டின் என்பதில்தான் எவ்வளவு நாசூக்கு! கொடுத்த தட்டை யாரும் வெறுமையாகத் திருப்பியதில்லை. ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சீனியாவது அதில் இருக்கும்.

நம் புரட்டாசி விரதத்தையொட்டியே சீனரின் ஒன்பது பேரரசர் விழாவும் பெரும்பாலும் வருகிறது. ஒன்பது நாளும் அவர்களுக்குச் சைவம். மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் முளைக்கும் அந்த நாட்களில், வெளியில் வேலைக்குப் போகும் நம்மவருக்கு மத்தியானச் சாப்பாட்டுக் கவலை பாதி தீர்ந்துவிடும்.

2005ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். தீபாவளி நவம்பர் 1ஆம் தேதி. ஹரி ராயா 3ஆம் தேதி. நாம் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பலகாரம் தின்ற அன்று மலாய் அண்டை வீட்டார் நோன்பிருந்தார்கள். பகலில் தட்டை நீட்டுவது முறையாகுமா? மாலைத் தொழுகை அழைப்புக்குச் சற்று முன்னே கொண்டுபோய்க் கொடுப்பதே சரி. நம் வீட்டு இனிப்பு அவர்கள் நோன்பு துறக்கும் மேசைக்குப் போய்ச் சேரும். 2030களின் பிற்பாதியில் இரு பண்டிகையும் மறுபடி இப்படி நெருங்கி வரும். அன்று இதைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஒரு பாட்டி இருப்பாரா?

ஏனென்றால் லயங்கள் காலியாகிவருகின்றன. நம்மவர் பலர் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபோய்விட்டார்கள். பூட்டிய இரும்புக் கதவுக்கு முன்னால் தட்டோடு நிற்க யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. திறந்த இல்ல விருந்துக்கு ஆள் வைத்துச் சமைக்கிறோம். வந்தவர் தின்றுவிட்டுப் போகிறார். அவர் எதைத் தின்னாமல் வைத்தார் என்று கவனிக்க யாருக்கு நேரம்?

நாம் விட்டுவந்த லயங்களில் இன்று இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேப்பாளியர் இருக்கிறார்கள். ‘வெளிநாட்டுக்காரன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். நம் முன்னோரையும் ஒரு காலத்தில் அப்படித்தானே சொன்னார்கள்? வங்காளதேசத்து முஸ்லிம் தொழிலாளிக்கு சோறும் மீனும் பருப்பும் இருந்தால் போதும். கோழி என்றால் முறைப்படி அறுத்ததா என்று பார்ப்பார். நேப்பாளியரில் பெரும்பாலோர் இந்துக்கள்; மாட்டிறைச்சி வேண்டாம் என்பார்கள். நம் தீபாவளியையொட்டியே அவர்களுக்கும் திஹார் என்ற விளக்குப் பண்டிகை. அரிசி மாவைக் கரைத்து எண்ணெயில் வளையமாக ஊற்றி, செல் ரொட்டி என்று ஓர் இனிப்புச் சுடுவார்கள். இந்தத் தீபாவளிக்கு முறுக்குத் தட்டோடு ஒரு பிள்ளையை அந்த லயத்துப் பக்கம் அனுப்புங்களேன். திரும்பி வரும்போது தட்டில் செல் ரொட்டி இருந்தால், சூட்டோடு சாப்பிடுங்கள். ஆறினால் சற்று விறைத்துப்போகும்.