அம்மாவும் மகளும் ஒரே வகுப்பில்!

ஒரு வீட்டில் அம்மாவும் மகளும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். வாத்தியார் ஒருவரே. பாடமும் ஒன்றே. ஆனால் மகளுக்கு மார்க் உண்டு. அம்மாவுக்கு இல்லை.

இது என்ன விடுகதை என்கிறீர்களா?

சென்னைக்கு மேற்கே ஒரு புறநகர்த் தெருவில் இருக்கிறது அந்த வீடு. அம்மாளுக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். இட்லி மாவு அரைத்து விற்கிறார். மகள் பி.காம். மாணவி. இரவுச் சாப்பாடு முடிந்ததும், மாவு பொங்குவதற்காக மூடி வைத்த தூக்குகளுக்குப் பக்கத்தில் இருவரும் உட்காருகிறார்கள். செல்போனைத் தண்ணீர்ச் செம்பின் மேல் சாய்த்து வைக்கிறார்கள். போனில் புரொபசர் வருகிறார். தொழில் தொடங்குவது எப்படி என்று பாடம் நடத்துகிறார்.

பாடம் ஆங்கிலத்தில். மகள் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொல்கிறாள். அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்கிறார். நடுநடுவே, "நிறுத்துடி, அதை மறுபடியும் போடு" என்கிறார். கல்லூரி வகுப்பில் இப்படி ஒரு மாணவி சொல்ல முடியுமா?

மகள் கடைசியில் தேர்வு எழுதுவாள். அவளுடைய கல்லூரி அந்த மார்க்கைப் பட்டப் படிப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அம்மாள் தேர்வு எழுதப் போவதில்லை. அவருக்கு எந்தக் கணக்கிலும் எதுவும் சேராது. மாவுக் கணக்கைத் தவிர!

இலவசப் பாடம்

இந்த வகைப் படிப்பு வந்து வெகு காலம் ஆகிவிடவில்லை. 2001-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடக் குறிப்புகளை இணையத்தில் இலவசமாகப் போடப் போவதாக அறிவித்தது. 2011-ல் ஸ்டான்போர்டில் இரண்டு நிபுணர்கள் செயற்கை அறிவு பற்றி ஆன்லைனில் ஒரு பாடம் நடத்தினார்கள். 1,60,000 பேர் பெயர் கொடுத்தார்கள். மறு ஆண்டே கோர்ஸிரா, எட்எக்ஸ் என்ற நிறுவனங்கள் கிளம்பிவிட்டன.

நம் நாட்டிலும் அதற்கு முன்பே வேலை தொடங்கியிருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யும் மற்ற ஆறு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-ல் என்.பி.டி.இ.எல். என்ற திட்டத்தை ஆரம்பித்தன. முதலில் எஞ்சினியரிங் பாடங்கள். பிறகு நிர்வாகம், தொழில் முனைவு எல்லாம் வந்தன. 2014-லிருந்து தேர்வும் சான்றிதழும் உண்டு. 2017-ல் மத்திய அரசின் 'ஸ்வயம்' தளம் வந்தது. பாடத்தைக் கேட்பது இலவசம். தேர்வு எழுத விரும்பினால்தான் பணம்.

தேர்வு வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், பாடம் மட்டும் போதும் என்பவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. 'மார்க் வராத படிப்பை எதற்குப் படிக்க வேண்டும்?' என்று நம் வீடுகளில் கேட்பது வழக்கம். நானும் அப்படிக் கேட்டு வளர்ந்தவன்தான்.

பெட்டியடிப் பையன்

வியாபாரத்தை மார்க் போட்டு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

செட்டிநாட்டுப் பையன்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கப்பல் ஏறினார்கள். போனவுடன் யாரும் அவர்களை முதலாளி ஆக்கவில்லை. லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாக உட்கார வேண்டும். பணப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து எடுபிடி வேலை செய்ய வேண்டும். பேரேடு எழுதுவதைப் பார்க்க வேண்டும். கடன் கேட்டு வருகிறவனின் முகத்தைப் பார்க்க வேண்டும். பிறகு அடுத்தாள். அதற்கும் பிறகுதான் கடையை நடத்தும் பொறுப்பு. எந்தச் சர்வகலாசாலையும் அவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை.

அருமையான பள்ளிக்கூடம்தான். ஆனால் அதில் சேர ஒரு தகுதி வேண்டும். கடை வைத்திருக்கும் சித்தப்பாவோ மாமாவோ இருக்க வேண்டும்!

அந்த மாமா இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? மாவு அரைக்கும் அம்மாளின் தகப்பனார் மில் தொழிலாளி. கணவர் ஒரு கம்பெனியில் டிரைவர். அந்தக் குடும்பத்தில் கடைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தவர் ஒருவரும் இல்லை. விலை எப்படி வைப்பது, கடன் எவ்வளவு வாங்கலாம் என்று சாப்பாட்டு வேளையில் பேசிக் கேட்டதும் இல்லை. ஆன்லைன் பாடத்தின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். முன்பு ஒரு சில குடும்பங்களின் திண்ணையில் மட்டும் பேசப்பட்டதை இப்போது தெருவில் போகிறவரும் நின்று கேட்கலாம்.

நகை தப்பியது

அம்மாளுக்குப் பெரிய கிரைண்டர் வாங்க ஆசை. நகையை அடகு வைத்து 90,000 ரூபாய் புரட்டுவதாக ஏற்பாடு. தாலிக்கொடி நீங்கலாக வீட்டில் இருந்த தங்கம் முழுவதும் அது. நாளொன்றுக்கு 20 கிலோ விற்பதை 50 கிலோ ஆக்கினால் கடன் ஓராண்டில் அடைந்துவிடும் என்று நம்பியிருந்தார்.

இரண்டாம் வாரப் பாடத்தில், 'உங்கள் சரக்குக்கு உண்மையில் என்ன அடக்கம் ஆகிறது என்று எழுதிப் பாருங்கள்' என்று வந்தது. மகளுக்கு அது வீட்டுப் பாடம். அம்மாளுக்கு வீடே பாடம். இருவரும் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்கள்.

கிலோ 45 ரூபாய். 20 கிலோவுக்கு வரவு 900. அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு, கவர் எல்லாம் 490. மீதி 410 ரூபாய் லாபம். இத்தனை நாளும் அம்மாள் மனத்தில் இருந்த கணக்கு இதுதான்.

மகள் விடவில்லை. கரண்டுக்கும் தண்ணீருக்கும் 40 எழுதினாள். அப்பா கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடும் பெட்ரோல் 60. விற்காமல் புளித்துத் திரும்பி வருவது சராசரி இரண்டு கிலோ, அதற்கு 90. ஆகக் கூடி 190 ரூபாய் போனது. கையில் நின்றது 220.

"அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை, தம்பி" என்றார் அந்த அம்மாள். "ஆறு மணி நேரம் உழைக்கிறேன். அந்த உழைப்புக்கு நான் விலையே போடலை!"

அடுத்த வாரப் பாடம்: 'முதல் போடுவதற்கு முன் வாங்குகிறவர்களைப் போய்க் கேளுங்கள்.' இதுவும் புதிதல்ல. நம் சந்தைக் கிழவிகளுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் யாராவது சொன்னால்தானே செய்கிறோம்? அம்மாள் பதினைந்து வீடுகளுக்கும் இரண்டு கடைகளுக்கும் போய்க் கேட்டார். மாவு நன்றாக இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. விலை அதிகம் என்றும் சொல்லவில்லை. "நீங்கள் எட்டு மணிக்கு வருகிறீர்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஏழு மணிக்கே சாப்பிட்டுப் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள்" என்றார்கள். திரும்பி வந்த மாவில் பெரும் பங்கு ஒரே கடையிலிருந்து வந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

நகை அடகுக் கடைக்குப் போகவில்லை. தூக்கு மட்டும் காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறது. அந்த ஒரு கடைக்குப் பாதி மாவுதான் போகிறது. திரும்பி வருவது இப்போது அரைக் கிலோவுக்குள்.

எதைச் சொல்லிக் கொடுப்பது?

தொழில் செய்யும் துணிவைச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்ற வழக்கு பழையது. 1964-ல் டேவிட் மெக்கிளெலண்ட் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஆந்திராவில் காக்கிநாடா வியாபாரிகளை ஐதராபாத்துக்கு வரவழைத்து, ஊக்கம் வளர்க்கும் பயிற்சி கொடுத்தார். பட்டமும் இல்லை, மார்க்கும் இல்லை. பயிற்சி பெறாதவர்களைவிடப் பெற்றவர்கள் புதிய தொழில்களை அதிகம் தொடங்கினார்கள், அதிக நேரம் உழைத்தார்கள் என்று பிறகு கண்டார்கள்.

டொமினிகன் குடியரசில் சிறு வியாபாரிகளை வைத்து நடந்த ஒரு சோதனை 2014-ல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு முறையான கணக்கியல் சொல்லிக் கொடுத்தார்கள். பெரிய பலன் தெரியவில்லை. மற்றொரு பிரிவுக்குச் சில எளிய விதிகள் மட்டும். அவற்றில் முக்கியமானது: வீட்டுப் பணமும் கடைப் பணமும் வெவ்வேறு இடத்தில் இருக்க வேண்டும். இவர்கள் தேறிவிட்டார்கள்! நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கு இது தெரியாதா என்ன? ஆனால் கடைக் கல்லாவில் அல்லவா நாம் மறந்துவிடுகிறோம்.

ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டுச் சோதனை 2017-ல் வந்தது. 1,500 சிறு வியாபாரிகள். வழக்கமான வியாபாரப் பாடம் படித்தவர்களின் லாபம் உறுதியாகச் சொல்லும்படி உயரவில்லை. தானாக முன்வந்து செய்யும் முயற்சியைப் பழக்கியவர்களின் லாபம் நூற்றுக்கு முப்பது கூடியது. இவை நேரில் நடந்த வகுப்புகள். செல்போன் வகுப்புக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எந்தப் பாடத்தைத் தேடலாம் என்பதற்கு ஒரு குறிப்பு கிடைக்கிறது. எழுந்து போய் எதையாவது செய்யச் சொல்லும் பாடமா, அல்லது வெறும் படம் போட்டுக் காட்டும் பாடமா என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

பல ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒரே மாதத்தில் லட்சாதிபதி ஆக்குகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களும் உண்டு. இலவசமாக நல்லது கிடைக்கும்போது அந்தப் பக்கம் ஏன் போக வேண்டும்?

நூற்றுக்கு மூன்று பேர்

குறையையும் சொல்ல வேண்டும். சேருகிறவர்களில் பெரும்பாலோர் முடிப்பதில்லை. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய ஆன்லைன் பாடங்களை ஆராய்ந்தபோது, 2017-18-ல் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர்தான் முடித்திருந்தார்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் நூற்றுக்கு 46 பேர் முடித்தார்கள். காசு கட்டினால் கண் திறக்கிறது! இந்தக் கட்டுரைக்காக நானும் ஒரு பாடத்தில் சேர்ந்தேன். நான்காம் வாரம் தீபாவளி மலர் வேலை வந்தது. அத்தோடு சரி.

மாமா செய்யும் இன்னொரு காரியமும் இந்தப் பாடத்தால் ஆகாது. மாமா முதல் கொடுப்பார். தெரிந்த மொத்த வியாபாரிக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவார். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய எந்தப் படிவம், யாரைக் கேட்பது என்று கூடவே வருவார். செல்போன் புரொபசர் வர மாட்டார். அம்மாள் இதற்கெல்லாம் தனியாகத்தான் அலைந்தார். மொழி வேறு தடை. ஆங்கிலம் தெரிந்த மகள் இல்லாவிட்டால் அந்த வீட்டில் பாடம் முதல் நாளே நின்றிருக்கும். இத்தகைய பாடங்கள் நல்ல பேச்சுத் தமிழில் நிறைய வர வேண்டும். பாடத்தை எழுதி மொழிபெயர்த்துப் போட்டால் மட்டும் போதாது.

அம்மாளும் பாடத்தை முடிக்கவில்லை என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். பன்னிரண்டு வாரத்தில் எட்டோடு நின்றுவிட்டார். ஒன்பதாம் வாரத்தில், கம்பெனியின் பங்குகளை முதலீட்டாளர்களுக்கு விற்பது பற்றி வந்ததாம்.

"மாவுக் கடைக்குப் பங்கு எதுக்கு, தம்பி?" என்று சிரித்தார். ஆக, கணக்கெடுப்பவர்கள் புத்தகத்தில் அவரும் பாதியில் நின்றவர்களில் ஒருவர்.

மகள் மட்டும் தொடர்ந்து படிக்கிறாள். தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஞாயிற்றுக்கிழமைதான் மாவு அதிகம் போகும் நாள். தேர்வு நடக்கும் இடமோ ஊரின் மறுகோடியில். அன்றைக்கு ஆறு மணித் தூக்குகளை யார் எடுத்துப் போவது என்று அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தபோது நான் விடைபெற்றேன்.