வரப்போரக் கரிசலாங்கண்ணி: களை என்று எறியாமல் வளர்த்துப் பார்ப்போம்



நடவு வயலில் களை எடுக்கும்போது, வாய்க்கால் ஓரத்தில் சின்ன வெள்ளைப் பூவோடு நிற்கும் செடியை எத்தனையோ தடவை பிடுங்கி எறிந்திருப்போம். அதுதான் கரிசலாங்கண்ணி. கையாந்தகரை, கரிசாலை என்றும் சொல்வார்கள். சூரியகாந்தி, சாமந்தி குடும்பத்தைச் சேர்ந்தது. கூந்தல் தைலம் காய்ச்சுகிறவர்களும் சித்த மருந்து செய்கிறவர்களும் இதை வாங்குகிறார்கள்.

"சும்மா முளைக்கிறதை எதுக்கு வளர்க்கணும்?" என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். வாய்க்கால் ஓரத்தில் கண்டதையும் அறுத்து, அரைகுறையாகக் காயவைத்து இரண்டு மூட்டை அனுப்பினோம். வேறு செடி கலந்திருக்கு, பூசணம் பிடிச்சிருக்கு என்று வியாபாரி திருப்பிவிட்டார். வண்டிக் கூலியும் போச்சு, பட்ட பாடும் போச்சு. தப்பு எங்களுடையதுதான். அதில் கற்றதை இங்கே சொல்கிறோம்.

செடியை அடையாளம் காண்பது எப்படி?

இலை நீளமாக, காம்பு இல்லாமல் எதிரெதிரே இருக்கும். தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். இலையைக் கசக்கி வைத்தால் சிறிது நேரத்தில் சாறு கறுத்துவிடும். இதுதான் நல்ல சோதனை.

வெட்டுக்காயப் பூண்டும் அதே வரப்பில் முளைக்கும். அதன் பூ நீண்ட காம்பின் நுனியில், நடுவில் மஞ்சளாக இருக்கும். அதைக் கலந்துவிடாதீர்கள்.

மஞ்சள் கரிசலாங்கண்ணி வேறு செடி. பூங்காக்களில் அழகுக்காகப் படரவிடும் மஞ்சள் பூக்கொடியைப் பார்த்து அதுதான் என்று சிலர் ஏமாறுகிறார்கள். அந்தக் கொடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதன் இலை பெரும்பாலும் மூன்று பிரிவாக இருக்கும்.

வளர்க்கும் முறை

1. ஈரம் நிற்கும் நல்ல மண் போதும். சாக்கடை ஓரமும் களைக்கொல்லி அடித்த இடமும் கூடவே கூடாது. மண்ணில் உள்ள கெடுதல் இலைக்கும் வரும்.

2. பூ முடிந்து கறுத்த காயில் விதை எடுங்கள். மணலோடு கலந்து பாத்தியின் மேல் தூவுங்கள். மண் போட்டு மூடாதீர்கள். வெளிச்சம் பட்டால்தான் இந்த விதை முளைக்கும்.

3. பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் தெளியுங்கள். முளைக்கும் வரை பாத்தி காயக்கூடாது.

4. நாற்று கைக்கு வந்ததும் ஒரு சாண் இடைவெளியில் நடுங்கள். கணு உள்ள தண்டை ஒடித்து நட்டாலும் வேர் பிடிக்கும்.

5. தொழு உரம் போடுங்கள். களையைக் கையால் எடுங்கள்.

6. ஏறக்குறைய இரண்டு மாதத்தில், பூக்கத் தொடங்கும்போது, அடியில் நாலு விரல் விட்டு அறுங்கள். மறுபடி துளிர்க்கும்.

காயவைப்பதில்தான் காசு

அறுத்ததும் கழுவி, தண்ணீர் வடிய விட்டு, காற்றோட்டமான நிழலில் துணி மேல் மெல்லிசாகப் பரப்புங்கள். குவித்து வைத்தால் புழுங்கிப் போகும். தினமும் புரட்டிப் போடுங்கள். இலை கையில் நொறுங்கினால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகே மூட்டை கட்ட வேண்டும்.

முதலில் ஒரு கிலோ பச்சைச் செடியைக் காயவைத்து எடை போடுங்கள். எத்தனை கிராம் தேறுது என்று குழு நோட்டில் எழுதுங்கள். வாங்குபவரிடம் விலையையும் எவ்வளவு வேண்டும் என்பதையும் கேளுங்கள். கணக்கு கட்டி வந்தால் மட்டும் பாத்தியைப் பெருக்குங்கள். அதற்கு முன் கடன் வாங்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை

மஞ்சள் காமாலைக்கு இதை அரைத்துக் குடிக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. காமாலை பல காரணத்தால் வரும். கண் மஞ்சளானால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பிணிக்குக் காமாலை வந்தால் உயிருக்கே ஆபத்து, ஒரு நாள்கூட வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். விற்கும்போதும் "இது காமாலையைக் குணமாக்கும்" என்று நாம் சொல்லக்கூடாது.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு செடி கொண்டுவாருங்கள். கசக்கிப் பார்த்து, எல்லோரும் சரியான செடியைத் தெரிந்துகொண்டு தொடங்குவோம்.