குழாய்க்குள் உறையும் கட்டி: எரிவாயு ஆலையில் அவசரம் ஏன் ஆகாது?

சரவாக், பிந்துலுவிலிருந்து திரவ இயற்கை எரிவாயு 1983ஆம் ஆண்டு முதல் கப்பலேறிப் போய்க்கொண்டிருக்கிறது. முதலில் வாங்கிய நாடு ஜப்பான். எண்ணெய், எரிவாயுத் துறையில் நம் இளைஞர்களும் குத்தகை வேலைக்குப் போகிறார்கள். அங்கே பெரிய தலைவலிகளில் ஒன்று, குழாய்க்குள் கட்டி உறைந்து வழி அடைபடுவது.

நம் வீட்டு கேஸ் தோம்பில் இருப்பது வேறு வாயு, அழுத்தத்தால் திரவமானது. இதுவோ கடுங்குளிரால் திரவமாவது. சுமார் மைனஸ் 162 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தால் வாயு ஏறக்குறைய 600 மடங்கு சுருங்கிவிடும்.

சிக்கலும் அந்தக் குளிரில்தான் தொடங்குகிறது. கடலடியிலிருந்து வரும் வாயுவோடு நீராவி, கரியமில வாயு, பென்சீன் எல்லாம் கலந்து வரும். மெத்தேன் திரவமாகும் முன்பே இவை உறைந்து கட்டியாகிவிடும். தண்ணீர் 0 டிகிரியில் உறையும். தனி பென்சீனுக்கு 5.5 டிகிரியே போதும். ஐஸ் பெட்டியில் தேங்காய் எண்ணெய் போத்தலை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். குளிர்விக்கும் கருவிக்குள் விரல் பருமனில் ஆயிரக்கணக்கான குழாய்கள். கொஞ்சம் படிந்தாலே ஓட்டம் குறைந்துவிடும்.

ஆகவே குளிர்விக்கும் முன்பே வாயுவைச் சுத்தம் செய்கிறார்கள். அமீன் கரைசலில் கழுவி, கரியமில வாயுவைப் பத்து லட்சத்தில் 50 பங்குக்கும் கீழே கொண்டு வருவார்கள். நீராவியை, மூலக்கூறு சல்லடை எனப்படும் சிறு மணிகள் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட விடாமல் உறிஞ்சிக்கொள்ளும். பென்சீன் வகைகளைத் தனியே பிரித்தெடுப்பார்கள். பாதரசத்தையும் நீக்குவார்கள். அது அடைப்பதற்காக அல்ல, அலுமினியத்தை அரித்துவிடும் என்பதற்காக.

இவ்வளவு செய்தும் படிந்துவிட்டால்? கருவியின் இரு முனைகளுக்கும் இடையே அழுத்த வேறுபாடு ஏறும். அதுதான் முதல் அறிகுறி. அப்போது ஓட்டத்தை நிறுத்தி, ஈரமில்லாத வாயுவைச் செலுத்தி, மெல்ல மெல்லச் சூடேற்றி உருக்கி வெளியேற்ற வேண்டும். சட்டென்று சூடேற்றினால் உலோகம் விரிசல் விடலாம். உற்பத்தி நின்றால் நட்டம்தான். ஆனாலும் இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

இதைவிட ஆபத்தானது, ஆலைக்கு வரும் நீண்ட குழாய்களில் உருவாகும் ஹைட்ரேட். நீரும் வாயுவும் சேர்ந்து பனிக்கட்டிபோல் இறுகுவது இது. அழுத்தம் அதிகமானால் 0 டிகிரிக்கு மேலேயும் உருவாகும். எரிவாயுக் குழாய்களை அடைப்பது இதுதான் என்று அமெரிக்காவின் ஹாமர்ஷ்மிட் 1934இல் எடுத்துக்காட்டினார். மெத்தனால் அல்லது கிளைக்கால் செலுத்தி இதைத் தடுக்கிறார்கள்.

இறுகிவிட்ட ஹைட்ரேட்டை நடுவில் சூடுகாட்டி உருக்கப் பார்க்கக் கூடாது. ஒரு கன அடிக் கட்டிக்குள் 160 கன அடிக்கும் மேல் வாயு அடைந்திருக்கும். அது வெளியேற வழியில்லாவிட்டால் குழாயே வெடிக்கும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தை இறக்கினால், மறுபக்க அழுத்தம் கட்டியைத் துப்பாக்கிக் குண்டுபோல் தள்ளிவிடும். குழாய் வளைவில் அது மோதி உயிர்கள் போயிருக்கின்றன. இரு பக்கமும் மெதுவாக அழுத்தத்தை இறக்கி, நாள் கணக்கானாலும் காத்திருப்பதே முறை.

இத்தகைய வேலைக்கு அனுப்பப்படும் தம்பி தங்கைகள், அடைப்பின் இரு பக்கமும் அழுத்தமானி என்ன காட்டுகிறது என்று கேட்காமல் வேலை அனுமதிப் பாரத்தில் கையெழுத்திட வேண்டாம். குழாய் வளைவுக்கும் மூடிய முனைக்கும் எதிரே நிற்கவும் வேண்டாம்.