எழுபது வயதில் வண்டிச் சாவி

இந்தியாவில் வண்டி ஓட்டக் குறைந்தபட்ச வயது உண்டு. அதிகபட்ச வயது கிடையாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, 18 வயது நிரம்பாதவர் பொது இடத்தில் வண்டி ஓட்டக்கூடாது என்கிறது. 50 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் 16 வயது போதும். எந்த வயதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. உடல் தகுதி இருந்தால் தொண்ணூறு வயதுக்காரரும் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

வயது ஏற ஏற, புதுப்பிக்கும் இடைவெளியை மட்டும் சட்டம் சுருக்குகிறது. 2019-இல் திருத்தப்பட்ட 14-ஆம் பிரிவின்படி, சொந்த வண்டிக்கான லைசென்ஸை 30 வயதுக்குள் எடுப்பவருக்கு அது 40 வயது வரை செல்லும். 30-க்கும் 50-க்கும் இடைப்பட்டவருக்குப் பத்து ஆண்டு. 50 முதல் 55-க்குள் என்றால் 60 வயது வரை. 55-ஐத் தாண்டியவர் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீஸ் போக வேண்டும். காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் விட்டுவிட்டால், புதிதாக எடுப்பவரைப் போல மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

40 வயதைக் கடந்தவர் விண்ணப்பத்தோடு '1-ஏ' படிவத்தில் டாக்டர் சான்று தர வேண்டும். முதியவர் வண்டி ஓட்டலாமா என்ற கேள்விக்கு அரசு வைத்திருக்கும் விடை ஏறக்குறைய இந்த ஒரு தாள்தான். வலிப்பு, தலைச்சுற்றல் உண்டா, இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு உண்டா, நிறங்களைப் பிரித்தறிவதில் கோளாறு உண்டா, மாலைக்கண் இருக்கிறதா, ஹாரன் சத்தம் கேட்குமா என்று அது கேட்கிறது. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்பதும் ஒரு கேள்வி. இரண்டு டவுன் பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் தூரம் அது. டாக்டர் உண்மையிலேயே ஆளை வாசலுக்கு அழைத்துப்போய்ப் படிக்கச் சொன்னால், அந்தத் தாளுக்கு மதிப்புண்டு. கையெழுத்துக்கு மட்டும் நீட்டப்பட்டால், அது வெறும் தாள்தான்.

முதியவர் வண்டி ஓட்டலாமா என்ற கேள்வி வெளிநாடுகளில் காரைப் பற்றியது. கடலூர் மாவட்டம் வேப்பூர் போன்ற ஊரில் அது பெரும்பாலும் மொபெட்டைப் பற்றியது. உளுந்தூர்பேட்டைக்கும் தொழுதூருக்கும் நடுவே, சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையும் கடலூரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சேலம் போகும் சாலையும் சந்திக்கிற கூட்டு ரோடு வேப்பூர். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் விடியுமுன்பே வந்து சேர்வார்கள். பெரியாஸ்பத்திரி, கோர்ட்டு, ரயில் என்றால் பீங்கான் பட்டறைகளுக்குப் பேர்போன விருத்தாசலம் போக வேண்டும். இப்படிப்பட்ட ஊர்களில் உர மூட்டையையோ பால் கேனையோ முன்னால் வைத்து டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டி வரும் எழுபது வயதுக்காரரை யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. கியரும் கிளட்சும் கிடையாது, உட்காரும் இடம் தாழ்வு, கால் தரையில் ஊன்றும். அந்த வயதில் பழைய கைக்கு இவ்வளவு இணங்கும் வண்டி வேறில்லை.

ஆபத்து வண்டியில் இல்லை, அது ஏறும் சாலையில் இருக்கிறது. நாலுவழிச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் நகர்ந்துவிடும். சுமையோடு நிற்கும் மொபெட் கிளம்பி ஒரு பக்கத்துச் சாலையைக் கடக்க நாலு நொடி ஆகும் என்று வைத்தால், அதற்குள் கார் 110 மீட்டர் வந்திருக்கும். வயதானவர்கள் வருகிற வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை வைத்தே முடிவெடுக்கிறார்கள், அதன் வேகத்தைக் கணிப்பதில் பிசகுகிறார்கள் என்று சாலை கடப்பது பற்றிய ஆய்வுகள் காட்டுகின்றன. மாட்டு வண்டி போன சாலையில் அது தவறே ஆகியிருக்காது.

கண்ணின் தளர்ச்சி மெல்ல வருவதால் முதியவருக்கே தெரிவதில்லை. இருபது வயதில் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் போகிறது. எதிர் வண்டியின் விளக்கு கூசிய பிறகு பார்வை தெளியக் கூடுதல் நேரம் ஆகிறது. கண் அழுத்த நோய் பக்கவாட்டுப் பார்வையை ஓசையில்லாமல் தின்கிறது. நேரே பார்த்தால் நம்பர் பிளேட் பளிச்சென்று தெரியும், பக்கத்துச் சந்திலிருந்து வரும் சைக்கிள் தெரியாது. கழுத்து முழுதாகத் திரும்பாது. சளிக்குப் போட்ட மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கும். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கித் தலை கிறுகிறுக்கும்.

இதையெல்லாம் வைத்து முதியவர்களால்தான் விபத்து பெருகுகிறது என்று முடிவு கட்டினால் அது அநியாயம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 66.5 சதவீதம் பேர் 18 முதல் 45 வயதுக்குள் இருந்தவர்கள். இறந்தவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டியில் போனவர்கள். முதியவர் விஷயத்தில் கூடுதல் கவலை வேறு: இளைஞனுக்குச் சிராய்ப்போடு போகும் விழுகை, அவருக்கு இடுப்பெலும்பு முறிவாகவோ மண்டைக்குள் ரத்தக்கசிவாகவோ முடியும்.

மற்ற நாடுகள் பல வழிகளில் முயன்றிருக்கின்றன. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 87 வயதுக்காரர் ஓட்டிய கார் மோதி ஒரு தாயும் மூன்று வயது மகளும் இறந்தார்கள். பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தார் என்று நீதிமன்றம் முடிவு செய்து, ஐந்தாண்டு சிறைத்தண்டனை விதித்தது. விபத்து நடந்த ஆண்டில் ஜப்பானில் சுமார் ஆறு லட்சம் பேர் தாங்களாகவே லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். அங்கே 75 வயதைத் தாண்டியவர் புதுப்பிக்கும்போது நினைவாற்றல் சோதனையும் உண்டு. சிங்கப்பூரில் 65 வயதுக்கு மேல் மூன்றாண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. பிரிட்டனில் 70-க்குப் பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறை தன்னுடல் பற்றி ஓட்டுநரே எழுதிக் கொடுத்தால் போதும்.

கடுமை கூடினால் விபத்து குறையும் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. 1990-களில் பின்லாந்தையும் சுவீடனையும் ஒப்பிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. பின்லாந்தில் 70 வயதிலிருந்து மருத்துவப் பரிசோதனை கட்டாயம், சுவீடனில் அது இல்லை. பின்லாந்து முதியவர்களின் கார் விபத்து அதனால் குறைந்திருக்கவில்லை. ஆனால் சாலையில் நடந்துபோன முதியவர்களின் சாவு சுவீடனைவிட அதிகமாக இருந்தது. காரை விட்டவர்கள் நடக்கத் தொடங்கியதே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பார்வையை மட்டும் குறிவைத்த சோதனை வேறு பலன் தந்தது. அமெரிக்காவின் புளோரிடா 2004-இல் 80 வயதுக்கு மேற்பட்டோருக்குக் கண் சோதனையைக் கட்டாயமாக்கிய பின், அந்த வயதினரின் விபத்துச் சாவு விகிதம் 17 சதவீதம் இறங்கியது.

கண்ணைச் சோதிப்பதோடு சரிசெய்யவும் முடிந்தால் இன்னும் நல்லது. கண்புரை அறுவை செய்துகொண்டவர்களின் விபத்து விகிதம், செய்யாதவர்களுடையதில் ஏறத்தாழப் பாதி என்று 2002-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு கண்டது. தமிழ்நாட்டுக்கு இது கைக்கெட்டிய மருந்து. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பாண்டிச்சேரியிலும் கிளை உண்டு. ஊர் ஊராகக் கண் முகாம்கள் நடக்கின்றன. அப்பாவின் சாவியை ஒளித்து வைக்கும் மகன், முதலில் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போவதே முறை.

ஒருவர் நோயால் ஓட்டத் தகுதியற்றவர் என்று கருத நியாயமான காரணம் இருந்தால், லைசென்ஸ் காலம் முடியுமுன்பே மருத்துவச் சான்று கேட்கவும் லைசென்ஸை ரத்து செய்யவும் 16-ஆம் பிரிவு அதிகாரிக்கு இடம் தருகிறது. இன்னொரு பக்கம் சட்டத்தில் பெரிய ஓட்டையும் உண்டு. 250 வாட்டுக்குட்பட்ட, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத மின்சார ஸ்கூட்டருக்கு லைசென்ஸே வேண்டியதில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கப்படாத முதியவர் மறுநாளே அதில் ஏறி அதே கூட்டு ரோட்டுக்கு வரலாம். கண்ணை யாரும் பார்க்க மாட்டார்கள்.

வண்டியை விட்டவர் எதில் போவார் என்பதே கடைசிக் கேள்வி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சென்னை மாநகரப் பஸ்களில் 60 வயது நிரம்பியவருக்கு மாதம் 10 இலவச டோக்கன் உண்டு. கிராமத்து ஆண் டிக்கெட் வாங்கிப் போகலாம்தான். பஸ் நிற்கும் சாலை வரை காட்டிலிருந்து எப்படி வருவது? வெள்ளிக்கிழமை விடிகாலையில் இரண்டு குட்டிகளைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டியவருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு, அதில் குட்டிகளை ஏற்றுவார்களா என்பதற்கு விடை கிடைக்கிறவரை எக்ஸ்எல் சாவி அவர் இடுப்பு மடிப்பில்தான் இருக்கும்.