இலவச நூலகத்துக்கும் ஐந்தொகை உண்டு

யாழ்ப்பாணத்தில் கடை வைத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும். கடை திறக்கும் நாளில் வாழ்த்துச் சொல்ல ஊரே வரும். மூன்றாம் மாதம் வாடகை, மின்சாரக் கட்டணம், வேலையாட்களின் சம்பளம் மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும்போது எவரும் எட்டிப் பார்க்கமாட்டார். திறப்பது ஒரு நாள் வேலை. மூடாமல் வைத்திருப்பதுதான் வியாபாரம்.

பொருள் விற்றுப் பணம் வாங்கும் நமக்கே இந்த நிலை என்றால், எதையும் விற்காமல், எவரிடமும் கட்டணம் வாங்காமல், நன்கொடையை மட்டுமே நம்பி நடக்கும் ஒரு பொது முயற்சி எப்படித் தாக்குப் பிடிக்கிறது? இதற்கு நம் கண்முன்னே ஓர் உதாரணம் இருக்கிறது. ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவரும் ‘நூலகம்’ என்ற முயற்சிதான் அது. அதன் கணக்கைக் கொஞ்சம் வியாபாரக் கண்ணோடு பார்ப்போம்.

செல்லப்பா வீட்டிலிருந்து தொடங்கிய கதை

யாழ்ப்பாணத்துக்கு நன்கொடை நூலகம் புதிதல்ல. 1933இல் க.மு.செல்லப்பா என்பவர் தன் வீட்டிலேயே புத்தகங்களை வைத்து வாசிக்கக் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பணம் சேர்த்து, ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் நூலகத்தைத் திறந்தார்கள். 844 புத்தகங்களே அப்போதைய முதல். 1935இல் அதை நகரசபை பொறுப்பேற்றது.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த 1935தான். ஊராரின் உற்சாகத்தில் தொடங்கிய காரியம், வரிப்பணம் என்ற ஒழுங்கான வருமானத்தோடு இணைக்கப்பட்டது. 1950களில் பெரிய கட்டடம் கட்ட மறுபடியும் மக்களிடம் போனார்கள்; களியாட்ட விழா நடத்தியும் பணம் திரட்டினார்கள். 1959இல் கட்டடம் திறக்கப்பட்டது. ஆக, கட்டடத்துக்கு நன்கொடை, நாளாந்தச் செலவுக்கு நிலையான வருமானம் என்று இரண்டும் தனித்தனியாக அமைந்திருந்தன.

1981 ஜூன் 1ஆம் திகதி அதிகாலைக்குள் அந்த நூலகம் எரிந்து போனது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாகின. ஒரேயொரு பிரதி மட்டும் இருந்தவை நிரந்தரமாகவே போய்விட்டன.

அதன்பின் 1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். சோனகர் தெருவில் விட்டுவந்தது கடைகளையும் வீடுகளையும் மட்டுமல்ல. காணி உறுதிகள், கடைச் சிட்டைகள், கணக்குக் கொப்பிகள், கலியாணப் பதிவுகள், பாடசாலை மலர்கள் எல்லாம் அங்கேயே கிடந்தன. பல வருடங்களுக்குப் பிறகு திரும்பிப் போனவர்களில் ‘இது என் காணி’ என்று காட்டக் கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் நின்றவர்கள் பலர். கடதாசியின் பெறுமதி அதை இழந்தவனுக்குத்தான் தெரியும்.

ஸ்கேன் செய்வதோடு செலவு முடிவதில்லை

இப்படிப்பட்ட மண்ணிலிருந்துதான் 2005இல் ‘நூலகம்’ தொடங்கியது. தொடங்கியவர்கள் தி.கோபிநாத், மு.மயூரன் முதலிய இளைஞர்கள். முதலில் நூல்களைத் தட்டச்சுச் செய்து ஏற்றினார்கள். வேகம் போதவில்லை. பிறகு பக்கங்களை அப்படியே ஸ்கேன் செய்து போடும் வழிக்கு மாறினார்கள். இன்று நூல்கள், பத்திரிகைகள், சஞ்சிகைகள், மலர்கள், துண்டுப்பிரசுரங்கள் என்று ஒரு இலட்சத்துக்கும் அதிகமான ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. இலங்கை முஸ்லிம்களின் வெளியீடுகளும் ‘முஸ்லிம் ஆவணகம்’ என்ற பெயரில் தனியாகத் தொகுக்கப்பட்டுள்ளன. லண்டனில் இருப்பவரும் புத்தளத்தில் இருப்பவரும் ஒரு சதமும் கட்டாமல் வாசிக்கலாம்.

‘இணையத்தில் போடுவதற்கு என்ன பெரிய செலவு?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு புத்தகம் அங்கே போய்ச் சேரும் பாதையைப் பாருங்கள். முதலில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். உரிமையாளரிடம் அனுமதி பெற வேண்டும். பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்ய வேண்டும். கோணலான பக்கத்தை நேராக்கி, கறையை நீக்கி, ஒரே கோப்பாக்க வேண்டும். ஆசிரியர், ஆண்டு, வெளியீட்டாளர் விபரங்களைப் பதிய வேண்டும். அதன் பிறகுதான் தளத்தில் ஏற்றலாம்.

இதில் ஸ்கேனர் ஒருமுறை வாங்கும் பொருள். மென்பொருளுக்குப் பணமில்லை, விக்கிப்பீடியா பயன்படுத்தும் அதே இலவச மென்பொருளைத்தான் நூலகமும் பாவிக்கிறது. ஆனால் வேலை செய்யும் கைகளுக்குச் சம்பளம் வேண்டும். இடத்துக்கு வாடகை, மின்சாரம், சேர்வர் கட்டணம், தளப் பெயரின் புதுப்பித்தல் எல்லாம் மாதாமாதம் அல்லது வருடாவருடம் வந்துகொண்டே இருக்கும். இவற்றில் எதையும் ‘அடுத்த வருடம் பார்ப்போம்’ என்று தள்ளிப்போட முடியாது.

முழுக்க முழுக்கத் தொண்டர்களைக் கொண்டே நடத்தும் வழியும் உண்டு. 1998 பொங்கல் நாளில் சுவிற்சர்லாந்தில் இருந்த கு.கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் அப்படிப்பட்டது. உலகெங்கும் உள்ள அன்பர்கள் ஓய்வு நேரத்தில் பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து அனுப்பினார்கள். செலவு மிகக் குறைவு. ஆனால் வேகம் தொண்டர்களின் ஓய்வு நேரத்தைப் பொறுத்தது. திருக்குறள் நூறு இடங்களில் அச்சில் இருக்கிறது, அது காத்திருக்கும். கறையான் அரித்துக்கொண்டிருக்கும் 1950ஆம் ஆண்டுச் சஞ்சிகை காத்திருக்காது. அதனால்தான் நூலகத்துக்குச் சம்பளத்துக்கு ஆட்களும் தேவைப்பட்டார்கள்.

ரூபாவில் வரவு, டொலரில் செலவு

இறக்குமதி செய்யும் சகோதரர்கள் 2022ஐ மறந்திருக்கமாட்டார்கள். அந்த வருடம் மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. சேர்வர் கட்டணம் போன்றவை பெரும்பாலும் டொலரில் கட்டப்படுபவை.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். மாதம் 60 டொலர் சேர்வர் கட்டணம் என்றால், முன்பு 12,000 ரூபா. பிறகு அதே கட்டணம் 21,600 ரூபா. உள்ளூரில் மாதம் 1,000 ரூபா தந்துவந்தவர் 1,800 ரூபா தரவில்லை. தரவும் முடியாது, அவர் வீட்டிலேயே அரிசி விலை ஏறிவிட்டது. அதேநேரம், வெளிநாட்டிலிருந்து 20 டொலர் அனுப்பியவரின் பணம் 4,000 ரூபாவிலிருந்து 7,200 ரூபாவானது.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. வரவு எந்த நாணயத்தில் வருகிறது, செலவு எந்த நாணயத்தில் போகிறது என்று பார்த்து நடத்தவேண்டும். டொலரில் போகும் செலவுக்கு வெளிநாட்டு நன்கொடையையும், ரூபாவில் போகும் சம்பளம், வாடகைக்கு உள்ளூர் நன்கொடையையும் ஒதுக்கினால் நாணயம் சரிந்தாலும் கதவு மூடாது. சங்கம், மையவாடிக் குழு, புலமைப்பரிசில் நிதி எதை நடத்தினாலும் இது பொருந்தும்.

நூறு சிறிய கைகள்

நன்கொடை தேடுபவர்கள் பொதுவாக ஒரு பெரிய முதலாளியைத் தேடுவார்கள். அது சுலபமான வழிபோலத் தெரியும். ஒருவரே மாதம் 50,000 ரூபா தருகிறார் என்று வையுங்கள். அவருக்கு வியாபாரம் சரிந்தாலோ, நோய் வந்தாலோ, மனஸ்தாபம் வந்தாலோ அடுத்த மாத வரவு பூச்சியம். அதே 50,000 ரூபாவை நூறு பேர் ஆளுக்கு 500 வீதம் தந்தால், பத்துப் பேர் விலகினாலும் 45,000 ரூபா வரும். ஒரேயொரு வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்துவது எவ்வளவு ஆபத்தோ, ஒரேயொரு கொடையாளியை நம்புவதும் அவ்வளவு ஆபத்து.

2001இல் தொடங்கிய விக்கிப்பீடியா உலகத்தின் பெரிய தளங்களில் ஒன்று. வர்த்தக விளம்பரம் கிடையாது. வாசகர்கள் தரும் சிறு சிறு தொகைகள்தான் அதன் பிரதான வருமானம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் தரும் திட்ட நிதி பெறுமதியானது. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட வேலைக்கு, ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு வருவது. ‘இந்த ஏடுகளைப் படமெடுங்கள்’ என்று பணம் தருவார்கள். திட்டம் முடிந்த பிறகு அந்தப் படங்களை வருடக்கணக்காகச் சேர்வரில் வைத்திருக்கும் செலவு நிறுவனத்தின் தலையில்தான் விழும். கடைக்கு லொறி இனாமாகக் கிடைத்ததுபோலத்தான். டீசல் நீங்கள்தான் அடிக்கவேண்டும்.

வக்பு என்ற பழைய வழி

இதற்கு நம் முன்னோர் கண்ட தீர்வு வக்பு. பள்ளிவாசலைக் கட்டியவர்கள் பக்கத்தில் கடைகளையும் கட்டி, அவற்றின் வாடகையைப் பள்ளிவாசலுக்கு எழுதிவைத்தார்கள். வெள்ளிக்கிழமை உண்டியல் குறைந்தாலும் விளக்கு எரியும். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம் இலங்கையில் இத்தகைய சொத்துக்களை ஒழுங்குபடுத்துகிறது.

விக்கிப்பீடியாவை நடத்தும் நிறுவனமும் 2016இல் இதே வழிக்குத்தான் வந்தது. முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவழிக்கும் ஒரு நிலைநிதியைத் தொடங்கியது. பத்து வருடத்தில் 10 கோடி டொலர் சேர்ப்பது இலக்கு. ஐந்து வருடத்திலேயே, 2021இல், அது நிறைவேறியது. நம்மிடம் பல நூற்றாண்டுகளாக உள்ள முறையை அவர்கள் வேறு பெயரில் செய்கிறார்கள். நாம் பள்ளிவாசலுக்குச் செய்ததை அறிவுக்கும் ஆவணத்துக்கும் செய்யத் தயங்குகிறோம்.

நடத்துபவர்கள் கவனிக்க வேண்டியவை

முதலாவது, கணக்கு. நூலக நிறுவனம் தன் வரவு செலவு அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுகிறது. 500 ரூபா தந்தவரும் தன் பணம் போன வழியைப் பார்க்கலாம். கணக்குக் காட்டுபவரிடம்தான் இரண்டாம் முறையும் பணம் கொடுக்க மனம் வரும்.

இரண்டாவது, கையிருப்பு. குறைந்தது ஆறு மாதச் செலவு வங்கியில் இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு மாதமும் கையேந்துவதிலேயே வேலை செய்யும் நேரம் போய்விடும்.

மூன்றாவது, திறப்பு. பல சங்கங்களில் தளப் பெயரும் கடவுச்சொல்லும் ஒரு தம்பியின் பெயரில் இருக்கும். அவர் கட்டாருக்குப் போய்விடுவார். புதுப்பிக்கும் திகதி தவறிவிடும். பல வருட உழைப்பு ஒரே நாளில் மறைந்துவிடும். கடைத் திறப்பு இரண்டு பேரிடம் இருப்பதுபோல இதுவும் இரண்டு மூன்று பேரிடம், நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கவேண்டும். பொதுவாகத் தளப் பெயரைப் பத்து வருடம் வரை ஒரேயடியாகப் பதிந்துவைக்க முடியும். கையில் பணம் உள்ளபோது அதைச் செய்துவிடுவது புத்தி.

நான்காவது, பிரதி. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பது எவ்வளவு ஆபத்து என்று 1981 காட்டிவிட்டது. வேறு ஊரில், வேறு நாட்டில் பிரதி இருக்கவேண்டும்.

நம் பங்கு என்ன?

பழைய பாடசாலை மலரொன்றை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். இரும்புக் கடை, புடவைக் கடை, தையற்கடை, சைவாள் கடை, சோனகர் கடை எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் விளம்பரமாக நிற்கும். முதலாளியின் பெயரும் கடையின் விலாசமும் அதில் இருக்கும். அன்று ஒரு வியாபாரி ‘பிள்ளைகளின் மலருக்கு ஏதாவது கொடுப்போம்’ என்று கொடுத்த சிறு தொகை அது. கடையும் போய், உறுதியும் போய், அவரும் போன பிறகு, அந்தத் தெருவில் அப்படி ஒரு கடை இருந்தது என்று சொல்ல மிஞ்சியிருப்பது சில வேளை அந்த விளம்பரம் ஒன்றுதான்.

ஆகவே வியாபாரச் சகோதரர்களே, இரண்டு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய மலர், சஞ்சிகை, சங்க அறிக்கை, உங்கள் தகப்பனாரின் கடைச் சிட்டை ஏதாவது இருந்தால் கறையானுக்கு விடாமல் ஸ்கேன் செய்யக் கொடுங்கள். பார்த்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அத்தோடு, நீங்கள் நம்பும் ஒரு பொது முயற்சிக்கு, அது எதுவாக இருந்தாலும், வங்கியில் ஒரு நிலையான கட்டளை எழுதிக்கொடுங்கள். மாதம் 500 ரூபா போதும். ‘இந்த வேலைக்கு மட்டும்’ என்று நிபந்தனை போடாமல், மின்சாரக் கட்டணத்துக்கும் பயன்படட்டும் என்று கொடுங்கள்.

திறப்பு விழாவில் கல்லில் பெயர் பொறிக்கக் கொடுப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். மூன்றாம் மாதத்து வாடகைக்குக் கொடுப்பவரால்தான் கதவு திறந்திருக்கிறது.